முதலில் நில்: ரசாயனம் சிந்தினால் ராணுவ வீரருக்கு என்ன கற்றுத் தருகிறார்கள்?

மைதானத்தின் நடுவே ஒரு லாரி. அதிலிருந்து உருண்டு விழுந்த நீல டிரம் ஒன்று ஒழுகிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் சீருடையில் ஒருவர் குப்புறக் கிடக்கிறார். புதுச் சிப்பாய் ஒருவர் அதைப் பார்த்ததும் ஓடுகிறார். விழுந்த தோழனை விட்டுவிடாதே என்றுதானே இத்தனை மாதங்களாக அவருக்குச் சொல்லி வந்தார்கள்? பாதி தூரம் போவதற்குள் விசில் ஊதுகிறது. பயிற்சி தரும் சார்ஜென்ட் கத்தவில்லை. "சரி, நீயும் போயிட்டே. அங்கேயே படுத்துக்கோ. இப்போ தூக்க வேண்டியது ரெண்டு பேரு."

கிடப்பது பொம்மை, ஒழுகுவது சாயத் தண்ணீர். இது நான் எழுதிக்கொண்ட ஒரு மாதிரிக் காட்சிதான். ஆனால் அபாயப் பொருள் பயிற்சி எந்த நாட்டில் நடந்தாலும், முதல் நாளில் ஏதாவது ஒரு வடிவத்தில் இந்த விசில் ஊதிவிடும். ராணுவம் ஒரு மனிதனை ஆபத்தை நோக்கி ஓடப் பழக்குகிறது. இந்தப் பயிற்சி அந்தக் கால்களுக்கு ஒரு பூட்டுப் போடுகிறது.

ஏன் இந்தப் பூட்டு என்பது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழுகிறார்; அவரைத் தூக்க இறங்கியவரும் விழுகிறார்; மூன்றாவது ஆளும் இறங்குகிறார். இப்படிப்பட்ட செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் தைரியம் இருந்தது, பாசம் இருந்தது. உள்ளே இருக்கும் வாயு என்ன என்ற தகவல் மட்டும் இல்லை. அந்தத் தகவல் கையில் வரும்வரை காலை எடுத்து வைக்காதே என்பதுதான் பாடம். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் அமெரிக்க ராணுவத்தின் முறையை எடுத்துக்கொள்கிறேன். அவர்களுடைய விதிகள் பகிரங்கமாகக் கிடைக்கின்றன, படிநிலைகளும் தெளிவாக இருக்கின்றன. நம் பக்கத்து விஷயங்கள் இடையிடையே வரும்.

ராணுவத்தில் அப்படி என்ன சிந்தும்?

ராணுவமும் ரசாயனமும் என்றவுடன் நம் மனம் நேராக சாரின், கடுகு வாயு என்று போய்விடுகிறது. அன்றாடம் சிந்துவது டீசல்தான். டாங்கிகள், லாரிகள், ஜெனரேட்டர்கள் எல்லாம் குடிப்பது எரிபொருள். அதை ஊற்றுகிற இடத்தில் சிந்தும். அப்புறம் பேட்டரி அமிலம், பிரேக் ஆயில், பெயிண்ட் கரைப்பான்கள், குடிநீரைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் குளோரின் பொருட்கள், குளிர்பதனக் கிடங்கில் அம்மோனியா. ஒரு முகாம் என்பது கிட்டத்தட்ட ஒரு சின்ன ஊர்; ஒரு சின்னத் தொழிற்பேட்டையில் இருக்கிற பொருட்கள் எல்லாம் அங்கே இருக்கும்.

இவற்றில் ஆளை ஏமாற்றுவது சாதுவாகத் தெரிகிற பொருட்கள். தண்ணீரில் போடும் வீரியமான குளோரின் தூளை (கால்சியம் ஹைப்போகுளோரைட்) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் பிரேக் ஆயில் சிந்தினால் சிறிது நேரத்தில் தானாகவே தீப்பிடிக்கும். அதே தூளோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கழிவறையைச் சுத்தம் செய்யும்போது ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றி மூச்சுத் திணறியவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. ஆகவே 'எதன் பக்கத்தில் எது இருக்கக் கூடாது' என்பது பயிற்சியில் ஒரு தனி வகுப்பு. கேட்கச் சலிப்பான வகுப்புதான், ஆனால் விபத்தின் விதை பெரும்பாலும் கிடங்கில்தான் விழுகிறது.

சிப்பாய்க்கு இன்னொரு தப்பான நம்பிக்கையும் உண்டு. 'என்னிடம்தான் வாயு முகமூடி இருக்கிறதே!' அந்த முகமூடி போர்க்கள நச்சுகளை மனத்தில் வைத்துச் செய்தது. வெளிக்காற்றை வடிகட்டித் தருவதுதான் அதன் வேலை. காற்றை அது உண்டாக்காது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அதனால் ஒரு பயனும் இல்லை. கார்பன் மோனாக்சைடை அந்த வடிகட்டி தடுக்காது. அம்மோனியாவுக்கும் அதை நம்ப முடியாது. போருக்கான முகமூடியை மாட்டிக்கொண்டு அம்மோனியா கசியும் குளிர்பதன அறைக்குள் நுழைகிற வீரர், வெறும் முகத்தோடு நுழைகிறவரைவிட ஆபத்தானவர் என்று சொல்வேன். வெறும் முகத்தோடு இருப்பவர் எரிச்சல் தாங்காமல் திரும்பி ஓடிவிடுவார். இவர் தைரியமாக உள்ளே போவார்.

யாருக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் அதிர்வு அமெரிக்காவிலும் சட்டம் ஆனது. 1986-இல் அங்கே வந்த சட்டத்தின் தொடர்ச்சியாக, அபாயப் பொருள் விபத்தில் இறங்குகிறவர்களுக்கான பயிற்சி விதிகளைத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வகுத்தது. 'ஹாஸ்வோப்பர்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இப்படிப்பட்ட பயிற்சிகளுக்கு, ராணுவத்துக்குள்ளும், இந்தப் படிநிலைகள்தான் அடித்தளம்.

மொத்தம் ஐந்து நிலைகள். முதல் நிலைக்காரர் விழிப்புணர்வு மட்டும் பெற்றவர். ஏதோ சிந்தியிருக்கிறது, அது ஆபத்தானதாக இருக்கலாம் என்று கண்டுபிடிப்பார், தள்ளி நிற்பார், மற்றவர்களைத் தள்ளி நிறுத்துவார், தகவல் சொல்வார். அவ்வளவுதான் அவருடைய அதிகாரம். இரண்டாவது நிலைக்குக் குறைந்தது 8 மணி நேரப் பயிற்சி. இவர் தூரத்திலிருந்தபடியே பரவலைத் தடுக்கலாம்: மண் கரை கட்டுவது, சாக்கடை வாயை மூடுவது, தள்ளி இருக்கும் வால்வை அடைப்பது. கசிகிற ஓட்டைக்குப் பக்கத்தில் போய் அதை அடைக்கும் உரிமை மூன்றாவது நிலையான தொழில்நுட்பருக்குத்தான். அதற்குக் குறைந்தது 24 மணி நேரப் பயிற்சி வேண்டும். நான்காவது நிலையில் குறிப்பிட்ட பொருளை ஆழமாக அறிந்த நிபுணர். ஐந்தாவதாகச் சம்பவ இடத்தின் தளபதி. எல்லோருக்கும் ஆண்டுதோறும் புதுப்பிப்பு உண்டு.

இதில் எனக்குப் பிடித்தது முதல் நிலைதான். 'நீ எதுவும் செய்யாதே' என்று ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, சான்றிதழும் கொடுப்பது சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் ஒரு முகாமில் முதலில் கசிவைப் பார்க்கப் போகிறவர் சமையல்காரராகவோ, டிரைவராகவோ, வாசல் காவலராகவோதான் இருப்பார். அவர் முதல் ஐந்து நிமிடத்தில் சரியாக நடந்துகொண்டால், பின்னால் வருகிற நிபுணருக்கு வேலை பாதி குறையும்.

ராணுவத்துக்குள்ளே இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அமெரிக்கத் தரைப்படையின் ரசாயன, உயிரியல், கதிரியக்க, அணுப் பாதுகாப்புப் பள்ளி மிசௌரி மாநிலத்தில் ஃபோர்ட் லெனர்ட் வுட் முகாமில் இயங்குகிறது. 1999 வரை அலபாமாவில் ஃபோர்ட் மெக்லெலனில் இருந்தது. அங்கே உண்மையான நரம்பு நச்சை வைத்தே பயிற்சி கொடுக்கும் ஒரு கட்டடமும் உண்டு. சாயத் தண்ணீரில் எத்தனை மாதம் பழகினாலும், 'என் உடை என்னைக் காப்பாற்றும்' என்ற நம்பிக்கை, நிஜத்தைத் தொட்டுவிட்டு வெளியே நடந்து வரும்போதுதான் வருகிறது என்பது அவர்கள் வாதம். இது தவிர, தேசியக் காவல் படையில் 57 சிறப்புக் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 22 பேர், முழுநேரப் பணியில். ஒரு மாநிலத்தில் என்னவென்று தெரியாத பொருள் ஒன்று சிந்தினால், உள்ளூர் அதிகாரிகள் கேட்கும்போது போய் அது என்ன என்று கண்டுபிடித்துச் சொல்வது இவர்கள் வேலை.

இந்திய ராணுவத்தில் இந்தப் பாடத்துக்கான இடம் புனேயில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரி. சிவில் பக்கத்தில் 2006-இல் உருவான தேசியப் பேரிடர் மீட்புப் படை இருக்கிறது. அதன் நான்காவது பட்டாலியன் இருப்பது நம் அரக்கோணத்தில். வெள்ளத்தில் படகோட்டுகிறவர்களாகத்தான் அவர்களை டிவியில் பார்த்திருப்போம். ரசாயன, கதிரியக்க விபத்துக்கும் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். 2020 மே 7-ஆம் தேதி விடியற்காலையில் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் ஆவி கசிந்தபோது, இதே படையின் ரசாயன நிபுணர்கள் புனேயிலிருந்து விமானத்தில் வந்து இறங்கினார்கள்.

தூரத்திலிருந்தே படிப்பது எப்படி?

சரி, நில் என்று சொல்லியாயிற்று. எவ்வளவு தூரத்தில் நிற்பது?

ஒரு சுலபமான விதி உண்டு. கையை முழுதாக நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விபத்து இடத்தைப் பாருங்கள். விரலுக்குப் பின்னால் லாரி முழுவதும் மறைந்துவிட்டால் பரவாயில்லை. விரலின் இரு பக்கமும் லாரி தெரிந்தால் பின்னால் போங்கள். அறிவியல் துல்லியம் இதில் கிடையாது. ஆனாலும் பதற்றத்தில் மீட்டர் கணக்கு யாருக்கும் ஞாபகம் வராது. கட்டைவிரல் எப்போதும் கூடவே இருக்கும்.

அடுத்தது பைனாகுலர். லாரியில், டிரம்மில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். உலகம் முழுக்க ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. நான்கு இலக்க எண் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. பெட்ரோலுக்கு 1203. அம்மோனியாவுக்கு 1005. குளோரினுக்கு 1017. கந்தக அமிலத்துக்கு 1830. கூடவே சாய்சதுர வடிவில் ஒரு வண்ண அட்டை. அதன் அடி மூலையில் ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு வகை எண். 1 என்றால் வெடிபொருள், 2 வாயு, 3 எரியும் திரவம், 6 நச்சு, 7 கதிரியக்கம், 8 அரிக்கும் பொருள். மற்ற எண்கள் போகப் போக மனத்தில் பதிந்துவிடும்.

இந்த எண் கிடைத்தவுடன் ஆரஞ்சு அட்டை போட்ட ஒரு கையேட்டைப் பிரிப்பார்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுவது. கடைசியாக 2024-இல் வந்தது. மஞ்சள் பக்கத்தில் எண்ணைத் தேடினால், எந்த வழிகாட்டிக்குப் போக வேண்டும் என்று இருக்கும். 1203-ஐத் தேடினால் வழிகாட்டி 128. அந்தப் பக்கத்தில் திரவம் கசிந்தால் எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீட்டர் காலி செய், டேங்கர் தீயில் மாட்டியிருந்தால் 800 மீட்டர் என்று எழுதியிருக்கும். வேதியியல் பட்டம் எதுவும் வேண்டாம். பயந்துபோன, வியர்த்த கையால் புரட்டுகிற ஒருவருக்காகவே எழுதப்பட்ட புத்தகம் அது.

பெயர்ப்பலகையே இல்லையென்றால்? அதற்கும் ஒரு பக்கம் இருக்கிறது. வழிகாட்டி 111: என்னவென்று தெரியாத பொருள். எல்லாத் திசையிலும் குறைந்தது 100 மீட்டர். 'எனக்குத் தெரியவில்லை' என்ற பதிலுக்கே ஒரு எண்ணும் ஒரு தூரமும் கொடுத்திருப்பது இந்தப் புத்தகத்தின் பெரிய சாமர்த்தியம் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு எரிச்சலாக இருக்கும்போது அதன் பலகையைப் படித்துப் பாருங்கள். இந்தியாவில் 1203-க்கு மேலே '3ஒய்ஈ' என்று ஒரு குறியீடும் இருக்கும். 3 என்றால் நுரை போட்டு அணை. நடுவில் உள்ள ஒய், மூச்சுக் கருவி போட்டுக்கொள், வெடிக்கும் சாத்தியம் உண்டு, சிந்தியதைச் சாக்கடைக்குள் விடாமல் மடக்கு என்று மூன்று விஷயங்களைச் சொல்கிறது. கடைசி ஈ, சுற்றியுள்ளவர்களை அப்புறப்படுத்துவதை யோசி. மூன்றே எழுத்துகளில் ஒரு முழு உத்தரவு!

இந்தப் படிப்பறிவு இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தைச் சொல்ல வேண்டும். 2015 ஆகஸ்ட் 12 இரவு, அபாயப் பொருள் கிடங்கு ஒன்றில் தீ. முதலில் போன தீயணைப்பாளர்களுக்கு உள்ளே எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்ற சரியான பட்டியல் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பெரும் வெடிப்புகள். 165 பேர் இறந்தார்கள், 8 பேரைக் காணவில்லை. இறந்தவர்களில் 99 பேர் தீயணைப்பாளர்கள். பிறகு 200-க்கும் மேற்பட்ட ராணுவ ரசாயன நிபுணர்களை அனுப்பினார்கள். கிடங்கில் சுமார் 700 டன் சோடியம் சயனைடு இருந்தது. உள்ளே இறங்கிய வீரர்கள் காற்றையும் தண்ணீரையும் சோதித்துக்கொண்டே, அடி அடியாக முன்னேற வேண்டியிருந்தது.

மூன்று வளையங்கள்

நிற்கும் தூரம் முடிவானதும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்கள். காற்று நம் முதுகில் படவேண்டும். நாம் மேட்டில் இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி, குளோரின் போன்றவை காற்றைவிடக் கனமானவை, பள்ளத்தைத் தேடிப் போகும். ஓடை இருந்தால் அதன் மேல்பக்கம் நிற்க வேண்டும். காற்று திசை மாறும் என்பதால் ஒருவர் இதை மட்டுமே கவனித்துக்கொண்டிருப்பார். ஒரு கம்பில் நாடாவைக் கட்டிவிட்டாலே போதும்.

பிறகு இடத்தை ஹாட், வார்ம், கோல்டு என மூன்று வளையமாகப் பிரிப்பார்கள். நடுவில் இருப்பது கசிவு இருக்கும் ஹாட் வளையம். அதைச் சுற்றி இருக்கும் வார்ம் வளையத்தில்தான் உள்ளே போனவர்களைக் கழுவுவார்கள். வெளியே கோல்டு: தளபதி, மருத்துவர், உதிரி சிலிண்டர்கள், தண்ணீர் பாட்டில்கள். நுழையவும் வெளியேறவும் ஒரே ஒரு பாதைதான். கர்னலே வந்தாலும் அந்தப் பாதையில் பெயர் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். பதவிக்கு சல்யூட் அடித்துப் பழகிய அமைப்பில் இதை அமல்படுத்துவது வேதியியலைவிடக் கடினமாம்.

உடைக்குள் ஒரு மனிதன்

பாதுகாப்பு உடையில் ஏ, பி, சி, டி என நான்கு நிலை. டி என்பது சாதாரண வேலை உடை. சி-யில் வடிகட்டி முகமூடி வருகிறது; என்ன பொருள், காற்றில் எவ்வளவு இருக்கிறது, ஆக்சிஜன் போதுமா என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகே அதைப் போடலாம். பி-யில் முதுகில் காற்று சிலிண்டர், மேலே திரவம் தெறித்தால் தாங்கும் உடை. ஏ என்றால் சிலிண்டரோடு சேர்த்து ஆளையே முழுவதுமாக ஒரு பைக்குள் அடைத்துவிடுவது. ஆவிகூட உள்ளே நுழையாது.

ஆவி உள்ளே நுழையாது என்றால் வியர்வையும் வெளியே போகாது. இதுதான் பயிற்சியின் கடினமான பகுதி. ஏ நிலை உடைக்குள் உடலின் சூடு தப்பிக்க வழியில்லை. சில நிமிடங்களிலேயே கண்ணாடியில் பனி படர்கிறது, கையுறைக்குள் வியர்வை தேங்குகிறது, மூச்சுச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கிறது. வீரர்கள் பலருக்கு இடுக்கமான இடத்தில் பயம் வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரியவரும். அதனால் நேராகக் கசிவுக்கு அனுப்ப மாட்டார்கள். உடையைப் போட்டுக்கொண்டு முதலில் நடை. பிறகு பந்து எறிந்து பிடித்தல். பிறகு மூன்று அடுக்குக் கையுறையோடு போல்ட்டில் நட்டைத் திருகுதல். வெறும் கையால் பத்து விநாடியில் முடிகிற வேலை, அங்கே பத்து நிமிடம் இழுக்கும்.

உள்ளே போகும் முன்பு ரத்த அழுத்தம், நாடி, உடல் வெப்பம் பார்ப்பார்கள். அளவு சரியில்லை என்றால், ஆள் எவ்வளவு கெஞ்சினாலும் அன்று அவர் வெளியேதான். திரும்பி வந்ததும் மறுபடியும் அளவு. ஏனென்றால் இந்த வேலையில் ரசாயனத்தைப் போலவே வெப்பமும் ஆளைச் சாய்த்துவிடும்.

அப்புறம் காற்றுக் கணக்கு. சிலிண்டரில் 60 நிமிடம் என்று எழுதியிருக்கும். அதை நம்பிப் போகக் கூடாது. உழைக்கிற மனிதன் வேகமாக மூச்சு வாங்குவான். 40 நிமிடம்தான் வரும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நடக்க 5, திரும்ப 5, கழுவிக்கொள்ள 10. மிச்சம் 20. அந்த 20 நிமிடத்துக்குள் வால்வை மூட முடியாது என்று தெரிந்தால், மூடாமல் திரும்பி வர வேண்டும். பாதியில் விட்டுவிட்டு வருவதை ராணுவ மனம் தோல்வியாகப் பார்க்கும். பயிற்சி அதை ஒரு ஷிப்டு மாற்றமாகப் பார்க்கச் சொல்கிறது: நீ பார்த்ததைச் சொல், அடுத்த ஜோடி தொடரும்.

ஜோடி என்பது இங்கே முக்கியம். தனியாக யாரும் போகக் கூடாது. உள்ளே இருவர் இருந்தால் வெளியே காப்பாற்ற ஆட்கள் தயாராக நிற்க வேண்டும். வயர்லெஸ் வேலை செய்யாவிட்டால் கைதான் பேச்சு. தொண்டையைப் பிடித்தால் எனக்குக் காற்று இல்லை. தலைமேல் கை வைத்தால் உதவி வேண்டும். கூட்டாளியின் மணிக்கட்டைப் பிடித்தால், கேள்வி கேட்காதே, உடனே வெளியேறு.

உள்ளே கொண்டுபோகிற கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆக்சிஜன் அளவு, எரியக்கூடிய ஆவி, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு நான்கையும் காட்டும் கைக்கருவி ஒன்று. அமிலமா காரமா என்று சொல்லும் பிஹெச் காகிதம். பத்து ரூபாய்க் காகிதம்தானே என்று அதைச் சிலர் இளக்காரமாகப் பார்ப்பார்கள். ஆனால் அமில ஆவி உள்ள இடத்தில் விலை உயர்ந்த கருவி கெட்டுப்போகும் முன்பே நிறம் மாறி எச்சரிப்பது இந்தக் காகிதம்தான். மூக்கை மட்டும் நம்பக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் வாசனை உணரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் அபாயமான நேரம்.

கழற்றுவதுதான் கலை

உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதற்கு அதிக நேரம் பயிற்சி கொடுப்பார்கள். காரணம் டோக்கியோ.

1995 மார்ச் 20 காலை, டோக்கியோ சுரங்க ரயில்களில் ஒரு மதக் கும்பல் சாரின் திரவத்தைக் கசியவிட்டது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். பாதிக்கப்பட்டவர்களின் துணியிலும் முடியிலும் நச்சு ஒட்டியிருந்தது, வண்டிக்குள் ஆவியானது. பணியில் இருந்த 1,364 அவசர ஊழியர்களில் 135 பேருக்கு அறிகுறிகள் வந்தன. செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையில் ஊழியர்கள் 110 பேருக்குக் கண் மங்கல், தலைவலி. அவர்கள் யாரும் சுரங்கத்துக்குள் போகவில்லை. நோயாளியின் சட்டை அவர்களிடம் வந்தது, அவ்வளவுதான். பிறகு ரயில் பெட்டிகளைக் கழுவிச் சுத்தம் செய்ய ஜப்பான் தரைப்படையின் ரசாயனப் பாதுகாப்பு வீரர்கள் வந்தார்கள்.

அதனால் வார்ம் வளையத்தில் ஒரு வரிசை வைப்பார்கள். முதல் தொட்டியில் பூட்ஸ். அடுத்து மேலிருந்து கீழாகக் கழுவல். பிறகு உதவியாளர் உடையை வெளிப்புறமாகச் சுருட்டிக்கொண்டே இறக்குவார். உள்பக்கம் வெளியே வரும், அழுக்குப் பக்கம் உள்ளே போகும். முகமூடி கடைசிவரை முகத்திலேயே இருக்கும். பயிற்சியில் உடைமேல் புற ஊதா விளக்கில் ஒளிரும் தூளைத் தூவிவிடுவது ஒரு வழக்கம். எல்லாம் முடிந்து, சுத்தமாகிவிட்டேன் என்று சிரித்தபடி நிற்கிறவரை இருட்டறைக்குள் அழைத்துப்போய் விளக்கைப் போடுவார்கள். காதோரம், மணிக்கட்டு, சில நேரம் உதட்டோரம் பளிச்சென்று மின்னும். எத்தனை மணி நேரச் சொற்பொழிவும் அந்த ஒரு நொடிக்கு ஈடாகாது.

ஐம்பது லிட்டர் டீசல்

இவ்வளவு பெரிய ஏற்பாடெல்லாம் அன்றாடம் தேவைப்படாது. பெரும்பாலான வீரர்கள் தங்கள் வாழ்நாளில் சந்திக்கப்போவது தரையில் சிந்திய டீசலைத்தான். அதற்கான பாடம் எளிமையானது. எஞ்சினை நிறுத்து, வால்வை மூடு, சிகரெட்டைத் தள்ளி வை, குரல் கொடு. தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்து ஓடுவது எங்கே தெரியுமா? சாக்கடை வாய்க்கு. தரையில் கிடக்கிற எண்ணெயை நாளைக்கும் அள்ளலாம், வாய்க்காலில் இறங்கியதை அள்ள முடியாது. வாயை அடைத்த பிறகு சுற்றி மண் கரை, பிறகு உறிஞ்சும் பொருள், பிறகு அதை அள்ளி மூடியுள்ள டிரம்மில் போட்டுப் பெயர் எழுதுவது. அந்த அள்ளிய மண்ணும் இனி அபாயக் கழிவுதான். ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவது நம் எல்லோருக்கும் வருகிற முதல் யோசனை. அதைச் செய்தால் இடம் சுத்தமாகும், ஆறு கெடும்.

உறிஞ்சும் பொருளிலும் ஒரு பொறி இருக்கிறது. டீசலுக்கு மரத்தூள் போடலாம். நைட்ரிக் அமிலத்தின் மேல் அதே மரத்தூளைக் கொட்டினால் தீப்பிடிக்கும். மணல் போன்ற எரியாத பொருள்தான் அதற்குச் சரி. பழக்கத்தில் கை தானாக மரத்தூள் மூட்டையைத் தேடும். அந்தக் கையையும் நிறுத்தத்தான் அந்த விசில்.

கடலில் சிந்தினால் நம் நாட்டில் கடலோரக் காவல் படை பொறுப்பு. 2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது, படையினரோடு மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளியில் அள்ளிய படங்களை நாம் மறந்திருக்க மாட்டோம். நான்கு ஆண்டு கழித்து 2021 மே மாதம், கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தது. 25 டன் நைட்ரிக் அமிலமும் ஏராளமான பிளாஸ்டிக் மணிகளும் அதில் இருந்தன. கரை ஒதுங்கியதைத் தொட வேண்டாம் என்று மக்களுக்கு அறிவிப்பு வந்தது. உடல் முழுதும் மூடும் வெள்ளை உடையோடு இலங்கைப் படையினர் மணலைச் சலித்தார்கள்.

எவ்வளவு குறைகிறது?

பயிற்சியில் கடைசியாக வருவதும், எல்லோரும் கொட்டாவி விடுவதும் கணக்கு எழுதும் பகுதி. எவ்வளவு இருந்தது, எவ்வளவு சிந்தியது, எவ்வளவு அள்ளினோம். மூன்றும் நேராக வரவில்லை என்றால் மிச்சம் எங்கோ இருக்கிறது.

ஹவாய் மாநிலத்தில் ரெட் ஹில் என்ற மலைக்குள் அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் கிடங்கு இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குடைந்து கட்டிய 20 பிரம்மாண்டத் தொட்டிகள். அவற்றுக்குச் சுமார் 100 அடி கீழே குடிநீர் ஊற்று. 2021 மே 6-ஆம் தேதி வால்வுகளைத் திறந்து மூடுவதில் நடந்த தவறால் குழாய் இணைப்பு விட்டு எரிபொருள் கொட்டியது. கொஞ்சம் அள்ளினார்கள், பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது என்று முடிவு செய்தார்கள். உண்மையில் சுமார் 70 ஆயிரம் லிட்டர், தீயணைப்பு நுரையை வடிக்கப் போட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கனத்தால் குழாய் தொய்ந்தது. யாரும் தேடவில்லை.

நவம்பர் 20-ஆம் தேதி, சுரங்கத்துக்குள் ஓடும் சின்ன ரயில் வண்டி ஒன்று அந்தக் குழாயின் வால்வில் இடித்தது. எரிபொருள் பீய்ச்சி அடித்தது. பெரும்பாலும் தண்ணீர்தான் என்பது போல முதலில் பேசினார்கள். மாதக் கடைசியில் ராணுவக் குடியிருப்புகளில் சமையலறைக் குழாயைத் திறந்தவர்களுக்கு டீசல் மாதிரி வாசனை வந்தது. அந்தக் குடிநீர் அமைப்பை நம்பியிருந்தவர்கள் சுமார் 93,000 பேர்.

கிடங்கை நிரந்தரமாக மூட 2022 மார்ச்சில் உத்தரவு வந்தது. மிச்சமிருந்த பத்துக் கோடி காலனுக்கு மேற்பட்ட எரிபொருளைக் கப்பல்களுக்கு வடிக்கும் வேலை 2023 அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்கு முன் குழாய்களைப் பழுது பார்த்தார்கள். சிந்தினால் யார் எங்கே நிற்பது, எந்த வால்வை யார் மூடுவது என்று ஒத்திகை பார்த்தார்கள்.